மாமாவின் முடிவை நான் மதித்த கதை

எங்கள் ஊர்ப்பக்கம் யார் மேல் வேண்டுமானாலும் கோபப்படலாம். பஸ் கண்டக்டர் மேல் கோபப்படலாம், மின்வெட்டு மேல் கோபப்படலாம், டிவியில் வாய் கிழியப் பேசுகிறவர் மேல்கூடக் கோபப்படலாம். கோவித்துக்கொள்வது மட்டும் அப்படியில்லை. அதற்கு உறவு வேண்டும். கூடவே, நாம் கோவித்துக்கொண்டு போனால் தேடி வந்து கூப்பிட ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாதவர்கள் வெறுமனே கோபப்பட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் ரசம் சோறு சாப்பிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த வித்தியாசம் மதுரையில் நடை பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு என் தங்கை கல்யாணத்துக்கு முதல் நாள்தான் தெரிந்தது. அதற்குள் சேதாரம் பெரிதாகிவிட்டது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஹெச்.ஆர். பிரிவில் இருந்தேன். ஆபீசில் யாராவது இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் என் அறைக்கு அனுப்புவார்கள். நான் நடுவில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்து, இருவரையும் பேசவிட்டு, கைகுலுக்க வைத்து அனுப்புவேன். அந்த வருடம் எங்களை ஊட்டியில் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போய், பிறர் உணர்ச்சிகளை எப்படிக் கையாள்வது என்று பயிற்சி கொடுத்தார்கள். எதிரில் இருப்பவரின் உணர்ச்சிக்கு நாம் பெயர் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் வற்புறுத்தக் கூடாது. பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் தந்தார்கள். அதை லேமினேட் செய்து குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்தேன். அதற்குப் பிறகு என்னோடு சண்டை போடவே முடியவில்லை என்று என் அறைத்தோழி வேறு வீடு பார்த்துக்கொண்டு போனாள். (வாடகை அதிகம் என்றுதான் காரணம் சொன்னாள். நானும் நம்பினேன்.)

இப்படி முழுத் தகுதியோடு, லேப்டாப் சகிதம், தங்கை கலையின் கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றம் வந்து இறங்கினேன். அங்கே அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். பத்தாம் வகுப்பு முடித்ததிலிருந்து நான் விடுதி விடுதியாகப் படித்தவள். வீட்டு விசேஷங்களுக்கு விருந்தாளி மாதிரி வந்து, வடை சாப்பிட்டுவிட்டு, விருந்தாளி மாதிரி கிளம்பிவிடுவேன். கொஞ்சம் வெளியே நின்று பார்ப்பதால் என் குடும்பத்தைப் பற்றி மற்றவர்களைவிட எனக்கு அதிகம் தெரியும் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அவனியாபுரத்துக்காரி. அவளைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டார்கள். தம்பி சோலைமலையை அம்மாதான் தூக்கி வளர்த்தாள். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று இருந்ததெல்லாம் எங்கள் சோலைமலை மாமா ஒருவர்தான். மாமா அவனியாபுரத்திலேயே லேத் பட்டறை வைத்திருந்தார். எப்போதும் இரும்பு கடைகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, சாதாரணமாக 'தண்ணி குடு' என்று கேட்டாலே தெருவில் போகிறவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

வந்த அன்றே வினை ஆரம்பித்தது. வீட்டு வாசலில் முகூர்த்தக்கால் ஊன்றினார்கள். வேலை இன்னும் முடியவில்லை என்று நான் காதில் ஹெட்செட்டோடு வாசலிலேயே லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். மாமா வந்தார். அப்பா மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார், அம்மா உள்ளே இருந்தாள். வாசலில் வாங்க என்று கேட்கத் தோதாக உட்கார்ந்திருந்த வீட்டு ஆள் நான் ஒருத்திதான். நிமிர்ந்து பார்த்து, புருவத்தைத் தூக்கி, இரண்டு விரலைக் காட்டினேன். இரண்டு நிமிடத்தில் வருகிறேன் என்று அர்த்தம்.

மாமா என் விரலைப் பார்த்தார். உள்ளே போகவில்லை. கால் ஊன்றும்வரை ஓரமாக நின்றார். பிறகு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே சேதி வந்துவிட்டது. "தாய்மாமன் வாசல்ல வந்து நிக்கிறான், வாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. ரெண்டு விரலைக் காட்டுது அந்தப் பிள்ள. ரெண்டுக்குப் போறதுக்கா நான் அம்புட்டுத் தூரம் வந்தேன்" என்று மாமா யாரிடமோ சொல்ல, அது நாலு வாய் மாறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அப்புறம் யார் போன் அடித்தாலும் மாமா எடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை. மண்டபத்தில் சமையல்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் சோழவந்தானிலிருந்து வருகிறார்கள். கொடிக்கால் வைத்து வெற்றிலை விவசாயம் செய்கிற பெரிய குடும்பம். அவர்கள் முன்னால் தாய்மாமன் சீர் வந்து இறங்க வேண்டும். மறுநாள் தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் பொண்ணு மணமேடை ஏறும். அம்மா முந்தின நாளிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் வருத்தம் என்று சொல்ல மாட்டாள். எங்கள் வீட்டில் யாருமே வருத்தமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. "நெஞ்சைக் கரிக்குது" என்றாள். ஜெலுசில் வாங்கிக் கொடுத்தேன். அதையும் குடித்தாள்.

அப்பா, "நானும் பெரியப்பாவும் போய்க் கூப்பிட்டுட்டு வந்திர்றோம். எல எறக்கிட்டுக் கெளம்புறோம்" என்றார்.

"நீங்க ஏம்ப்பா அலையணும்? தப்பு என்னோடது. நானே போய்ப் பேசுறேன். என் வேலையே இதுதானே."

அப்பா, "நீ தனியாவா" என்றார்.

"ஆமாப்பா."

பெரியப்பா, "பொம்பளப் பிள்ள போனா அவனுக்கு மனசு எளகும். போகட்டும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. போகிற பிள்ளை எப்படிப்பட்ட பிள்ளை என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

கலையின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு எடுத்த கிளிப்பச்சைப் பட்டிலேயே போனேன். மரியாதையாக இருக்கும் என்று எண்ணம்.

மாமா வீட்டு முன்னால் நான் பார்த்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். தெரு முனையில் பூச்சரம் சுற்றிய ஒரு குட்டியானை வண்டி நின்றது. அதன் நிழலில் மேளக்காரர்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள்ளே கூடத்தில் சீர்த்தட்டுகள் பெட்ஷீட் போட்டு மூடியிருந்தன. ஓரத்தில் ஒரு அன்னாசிப்பழத்தின் கொண்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாமாவின் மனைவி பேச்சியத்தை பட்டு ஜாக்கெட்டின் மேல் நைட்டி போட்டிருந்தார். மாமா முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், பழைய கைலியில், சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். ஆனால் முகம் மழமழவென்று சவரம் செய்திருந்தது. தலைக்குப் புதிதாக டை அடித்து, அதன் கறுப்பு ஒரு காது மடலிலும் பட்டிருந்தது.

இத்தனையையும் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. (அந்தச் சான்றிதழை அன்றைக்கே கிழித்திருக்க வேண்டும்.)

"வா" என்றார் மாமா. என்னைப் பார்த்து அல்ல, மேலே போய்க்கொண்டிருந்த ஏரோப்ளேனைப் பார்த்து.

நான் ஸ்டூலை இழுத்து, பயிற்சியில் சொன்னபடி அவர் கண் மட்டத்துக்குச் சரியாக உட்கார்ந்தேன். "மாமா, நீங்க கோவமா இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது."

"எனக்கென்ன கோவம். நான் யாரு கோவப்பட."

"அன்னைக்கு உங்களை வாங்கன்னு கேக்காதது என் தப்பு. அதுக்கு மன்னிச்சிருங்க. நாளைக்குக் கல்யாணத்துக்கு நீங்க வரணும்."

இதுவரைக்கும் நான் செய்ததில் ஒரு குறையும் இல்லை. மாமாவும் திருப்தியாகக் காலை நீட்டி உட்கார்ந்தார். அடுத்து அவருடைய முறை.

"நான் வரல. நீங்கல்லாம் நல்லா இருங்க. படிச்ச பிள்ளைக, வேலைல இருக்கிற பிள்ளைக. லேத் பட்டறைக்காரன் எதுக்கு ஒங்களுக்கு? எங்கிட்டிருந்தாலும் என் ஆசீர்வாதம் உண்டு. நான் வரல."

நான் மெதுவாகத் தலையாட்டினேன். குறுக்கே பேசவில்லை. அவர் முழுவதும் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு, அலுவலகத்தில் எத்தனையோ பேரை நெகிழவைத்த அந்தக் குரலில் சொன்னேன்.

"உங்க முடிவை நான் மதிக்கிறேன் மாமா."

மாமா அப்போதுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொன்ன?"

"உங்க முடிவை மதிக்கிறேன். வர விருப்பம் இல்லைன்னா வர வேண்டாம். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டாங்க. உங்களுக்கு எம்புட்டு நேரம் வேணுமோ எடுத்துக்கங்க."

காபி டம்ளரோடு வந்த அத்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "ஏத்தா, மாமா சும்மா சொல்றாக. நீ இன்னொரு தடவ கூப்பிடு" என்றார். சொல்லும்போது கண்ணை இப்படியும் அப்படியும் உருட்டி ஏதோ சைகை வேறு காட்டினார்.

எனக்கு அத்தை மேல் லேசாக எரிச்சல் வந்தது. ஒரு மனிதர் தன் மனதில் இருப்பதைத் தெளிவாகச் சொன்ன பிறகு இது என்ன. "வேண்டாம் அத்தை. அவரு மனசுல என்ன இருக்குன்னு அவரே சொல்லிட்டாரு. நாம அதை மாத்தக் கூடாது."

மாமாவின் முகத்தில் ஒரு அதிர்ச்சி தெரிந்தது. பலமாகத் தள்ளிப் பார்க்கச் சாய்ந்தபோது கதவு சட்டென்று திறந்துகொண்டால் உள்ளே விழுகிறவனின் முகம் அப்படித்தான் இருக்கும். நான் அதை, முதல்முறையாகத் தன் பேச்சை ஒருவர் காது கொடுத்துக் கேட்டதால் வந்த நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். எழுந்து நின்றேன்.

"மனசுவிட்டுப் பேசுனதுக்கு ரொம்ப நன்றி மாமா."

நான் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. கடைக்காரரிடம்கூட அங்கே நன்றி சொல்வதில்லை. அத்தை வாசல்வரை ஓடி வந்து, "ஏத்தா, பூவாச்சும் வச்சிட்டுப் போ. கொஞ்சம் உக்காரு. அவுக எந்திரிச்சு வருவாக" என்று ஸ்கூட்டியின் கைப்பிடியைப் பிடித்தார். நான் அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டேன். மேளக்காரர்களைக் கடந்து போகும்போது அதில் ஒருவர் எழுந்து, "கெளம்பலாமாக்கா?" என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியில் ஒரு கரும்புச்சாறு வேறு குடித்தேன். எவ்வளவு பெரிய குடும்பச் சிக்கல், சத்தமே இல்லாமல் முடிந்துவிட்டது என்று எனக்கு என்னையே பிடித்திருந்தது.

மண்டபத்தில் அப்பா வாழை இலைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். "என்ன, கெளம்பிட்டானா?"

"வரலையாம்ப்பா. ஆனா பிரச்சினை இல்ல. ரெண்டு பேரும் சுமுகமாப் பேசிட்டோம்."

அப்பா கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தார். "எத்தன தடவ கூப்பிட்ட?"

"ஒரு தடவைதான். ஒருத்தர் வரலன்னு சொன்னா வரலன்னுதானேப்பா அர்த்தம்?"

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

சொன்னேன். வார்த்தை மாறாமல், அதே குரலில். அப்பா அங்கிருந்த இலைக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

அதற்குள் அத்தையிடமிருந்து அம்மாவுக்குப் போன் வந்துவிட்டது. மாமா குட்டியானையை அனுப்பிவிட்டார். மேளக்காரர்களையும் போகச் சொல்லிவிட்டார். பட்டறைக்குப் போய் உள்ளே உட்கார்ந்துகொண்டு, கடைசல் வேலை ஒன்றும் இல்லாமலே லேத்தை ஓடவிட்டிருக்கிறார். "சும்மா ஓடுது மதினி. பக்கத்துல போனா இன்னுங் கொஞ்சம் வேகத்தைக் கூட்டுறாக" என்று அத்தை சொன்னது, அம்மாவின் கைப்பேசியிலிருந்து எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு அதற்கும் ஒரு பயிற்சி இருந்தது. சமையல்கட்டுக்குப் போய், வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து, "எனக்கு இனிமே பொறந்த வீடு இல்ல" என்று ஆரம்பித்தாள். எப்போதோ செத்துப்போன அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டாள், அம்மாவைக் கூப்பிட்டாள். தம்பிக்கு அம்மை வார்த்தபோது வேப்பிலையோடு பக்கத்திலேயே கிடந்ததைச் சொன்னாள். ராகம் போட்டு, தொடையில் தட்டி, ஊரே கேட்க அழுதாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கத்தியை வைத்துவிட்டு அம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள். ஆளுக்கு ஒரு கையை அம்மா மேல் வைத்துக்கொண்டு அவர்களும் கண்ணைத் துடைத்தார்கள். அங்கே யாரும் அம்மாவைச் சமாதானப்படுத்தவில்லை, யாரும் காரணம்கூடக் கேட்கவில்லை.

அங்கே நின்றுகொண்டிருந்த எனக்கு, ஊட்டியில் படித்தது ஒன்றும் கைகொடுக்கவில்லை. எனக்கு நெஞ்சைக் கரித்தது. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல் மறுபடியும் ஸ்கூட்டியை எடுத்தேன். வழி நெடுகப் புது மன்னிப்பு ஒன்றைத் தயார்செய்தேன். "மாமா, என் வார்த்தை உங்களுக்கு எந்தவிதத்தில் பாதிப்பு ஏற்படுத்தியது என்பதைப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்." தமிழில் இதைவிட நல்ல வாக்கியம் இருக்க முடியாது என்று தோன்றியது.

பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. மாமா அதன் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் வாக்கியத்தைச் சொன்னேன். கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன். மாமா திரும்பாமலே வேகத்தைக் கூட்டினார். கத்தினேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அந்த மாதிரி வாக்கியங்களைக் கத்த முடியாது. 'பாதிப்பு' என்ற இடத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்கப்புறம் வந்தது எதுவும் நான் தயார்செய்தது இல்லை.

"எந்திரிங்க மாமா. எங்கம்மா அங்க வெங்காய மூட்டையில உக்காந்து செத்தவுகளையெல்லாம் கூப்பிடுது. நீங்க இங்க மிஷினைச் சுத்திக்கிட்டு இருக்கீக. நீங்க வராம கலைக்கு எவன் மாலை போடுவான்? நான்தான் கூறுகெட்டுப் போயி வேணாம்னு சொன்னேன்னா, நீங்க செருப்பைக் கழட்டி ரெண்டு போட வேண்டியதுதான? போறவளை ஏன் விட்டீக? வண்டிய மறிக்க வேண்டியதுதான? நீங்க வரலன்னா நானும் போகல. நான் இங்கயேதான் கெடப்பேன்."

சொன்னபடி தரையில் உட்கார்ந்தேன். அந்த இடத்தில் இரும்புச் சுருளும் ஆயிலும் கிடந்ததைப் பிறகுதான் பார்த்தேன். உட்கார்ந்து அழுதேன். அம்மா மாதிரி ராகம் வரவில்லை, வெறும் மூக்குதான் ஒழுகியது.

லேத் நின்றது. மாமா திரும்பினார். கண்கள் சிவந்து, டை கரைந்து கன்னத்தில் கோடாக இறங்கியிருந்தது. இத்தனை நேரம் அந்த இயந்திரம் எதற்காக ஓடியது என்று எனக்கு அப்போது புரிந்தது.

"இத அப்பவே சொல்றதுக்கென்ன?" என்றார்.

"எத மாமா?"

"நீங்க வரலன்னா நானும் போகலன்னு. அத விட்டுட்டு, மதிக்கிறேங்கிற. மதிக்கிறதுக்கு நான் என்ன கலெக்டரா?" துண்டால் முகத்தைத் துடைத்தார். கறுப்பு முகம் முழுவதும் பரவியது. "எந்திரி. சேல பூரா ஆயிலு. எங்க அக்கா மூஞ்சிக்காக வாரேன். ஒனக்காக இல்ல."

"எனக்காக வர வேணாம்" என்றேன். எப்படியோ இந்த முறை சரியான இடத்தில் சரியாக வாய்க்கு வந்துவிட்டது.

மாமா கிளம்பிவிட்டார். ஆனால் வண்டி வேறு வாடகைக்குப் போய்விட்டது. மேளக்காரர்கள் வேறு ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார்கள். மறுநாள் முகூர்த்த நாள், எங்கே கேட்டாலும் வண்டி இல்லை. கடைசியில் பக்கத்துத் தெரு கனி பாய் தன்னுடைய காய்கறி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். தக்காளிக் கூடைகளை இறக்கி, ஓலைப்பாயை விரித்து, சீர்த்தட்டுகளை ஏற்றினார். "எனக்கும் மருமகதானே. வாங்கண்ணே, போவோம்" என்றார். வண்டியில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. மேலே கட்டியிருந்த ஒலிபெருக்கியை இன்ஜின் லைனிலேயே சேர்த்து விட்டிருந்தார்கள்.

"வண்டி ஓடுனா அதுவும் ஓடும்ணே" என்றார் கனி பாய். "பிச்சுவிட்டா வண்டி ஸ்டார்ட் ஆகாது. மெக்கானிக் அப்பிடிப் பண்ணிவிட்டுட்டுப் போய்ட்டாய்ங்க."

மாப்பிள்ளை வீட்டார் சோழவந்தானிலிருந்து வந்து நிற்க, மண்டப வாசலில் அவர்களுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தபோது தாய்மாமன் சீர் வந்து இறங்கியது. மேளம் இல்லை, வேட்டு இல்லை. "வாங்கம்மா வாங்க, நாட்டுத் தக்காளி, பல்லாரி, உருளை, வாங்கம்மா வாங்க" என்ற முழக்கத்தோடு தெருவில் நுழைந்தது. முன்சீட்டில் பட்டு வேட்டியில் மாமா, எதுவும் நடக்காதது போல நேராகப் பார்த்தபடி. பின்னால் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு, சேலையின் பின்பக்கமெல்லாம் கறுப்பு ஆயிலோடு நான். மண்டபத்து நாதஸ்வரக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு வாசலுக்கு ஓடிவந்து, ஒலிபெருக்கியை அமுக்கிவிடலாம் என்று உச்சத்தில் வாசித்தார். அமுக்க முடியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "இவுகளுக்கு இது வழக்கம் போலருக்கு. காய்கறியும் சீர்ல வருது" என்று சொன்னார்.

கனி பாய் இன்ஜினை அணைத்தார். மாமா இறங்கினார். அம்மா அவர் எதிரே வந்து நின்றாள். கட்டிப்பிடிக்கவில்லை. வந்தாயே என்று சந்தோஷப்படவும் இல்லை. தம்பியின் தோளில் ஒன்று போட்டாள்.

"இம்புட்டு நேரமாடா வாரதுக்கு?"

"காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல" என்றார் மாமா.

"நான் மட்டும் குடிச்சனாக்கும்" என்றாள் அம்மா. இரண்டு பேரும் அப்படியே பந்திக்குப் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் கேசரி சாப்பிட்டார்கள். மண்டபத்தில் அன்று அவர்கள் இருவரைவிடச் சந்தோஷமாக யாரும் இருந்திருக்க முடியாது. கல்யாணப் பொண்ணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கலையின் கல்யாண ஆல்பத்தில் முதல் நாள் படங்கள் எல்லாவற்றிலும் நான் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பேன். காரணம் தெரியாதவர்கள் எனக்குக் கூச்ச சுபாவம் என்று நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாராவது இரண்டாவது தோசை வேண்டாம் என்றால், பேச்சியத்தை உடனே, "சரித்தா, ஒன் முடிவ மதிக்கிறோம்" என்று தட்டோடு எடுத்துப்போய்விடுவார். அப்புறம் அவர் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு போக வேண்டும். கலையின் பிள்ளைகளுக்கு என் உண்மையான பெயர் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். ஹெச்.ஆர். பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை, கற்றுக்கொண்டேன். போன வருடம் மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்திருக்கிறது. எனக்குச் சொல்லவில்லை. யாரோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது. அன்றிலிருந்து மாமாவுக்குப் போன் பேசுவதை நிறுத்தினேன். அவர் அடித்தாலும் எடுக்கவில்லை. என் கணவர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். "வருத்தமா இருக்குன்னு அவர்கிட்டயே சொல்லிடேன். முடிஞ்சுதே" என்றார்.

"சொல்லிட்டா அப்புறம் அது எப்படிக் கோவிச்சுக்கிறது ஆகும்?" என்று கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே வாசலில் இருந்து இன்டர்காம் வந்தது. செக்யூரிட்டி ஒடிசாக்காரர். மதுரையிலிருந்து சோலைமலை என்று ஒரு பெரியவர் வந்திருக்கிறார், மேலே அனுப்பலாமா என்று இந்தியில் கேட்டார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக என்னைத் தேடி வந்திருக்கிறார்கள். உடனே சரி என்று சொல்லிவிடுவேனா? நிமிர்ந்து நின்று, "வேண்டாம், திருப்பி அனுப்பிடுங்க" என்றேன்.

"ஓகே மேடம்" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த முறை கூப்பிடுவார் என்று அதன் பக்கத்திலேயே நின்றேன். இன்டர்காம் அசையவில்லை. அப்போதுதான் உறைத்தது. அந்த மனிதர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிற ஆள்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். லிஃப்டுக்குக் காத்திருக்க முடியாமல் படியில் இறங்கி, மூச்சு வாங்க வாசலுக்குப் போனால், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மடியில் கருவாட்டு வாசம் அடிக்கிற பையோடு, செக்யூரிட்டியின் நாற்காலியில் அவருடைய டீயைக் குடித்தபடி மாமா உட்கார்ந்திருந்தார். வெளியே போகச் சொல்லி இந்தியில் மன்றாடிக்கொண்டிருந்தவருக்கு, மதுரைத் தமிழில் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"செத்த பொறுப்பா தம்பி. இந்தா இப்ப எறங்கி வருவா பாரு."